மடிப்பக்காவின் சிவப்பு முடிச்சு

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஆறு இயந்திரங்கள் சுற்றுகிற சத்தத்தில், பக்கத்தில் நிற்பவர் கத்தினால்தான் காதில் விழும். அங்கே கடைசி மேசையில் இருபத்திரண்டு வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறவளை எல்லாரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சூப்பர்வைசருக்கு அவளைவிட வயது அதிகம். அவரும் அக்கா என்பார், அவளும் கண்டுகொள்ள மாட்டாள்.

அவளுக்கு ஒரு பழக்கம். விரிப்பை நாலாக மடித்து, எட்டாக மடித்து, கடைசியில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தத் தட்டோடு ஒரு வரி ஜெபம்: “ஆண்டவரே, இதுல படுக்கிறவங்களைப் பாத்துக்கும்.” படுக்கப்போவது யார், என்ன நோய் என்று ஒன்றும் தெரியாது. ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு, முந்நூறு ஜெபம். அதற்காக அவளைப் பெரிய பக்திமான் என்று நினைத்துவிடாதீர்கள். சர்ச்சில் போதகர் கொஞ்சம் நீட்டி ஜெபித்தால் கொட்டாவி விடுகிறவள்தான். பிள்ளைகுட்டி இல்லை, நின்று நின்று காலில் நரம்பெல்லாம் சுருண்டு கிடக்கிறது. அந்தக் குகைக்குள் அவளை இத்தனை வருஷம் நிறுத்தி வைத்தது இந்த ஒரு வரிதான். அது இல்லாவிட்டால் என்றைக்கோ ஓடிப்போயிருப்பாள்.

இப்போது நாற்பத்து மூன்று நாளாக அந்த வாய் மூடிக் கிடக்கிறது. கை மடிக்கிறது, தட்டுகிறது, அவ்வளவுதான். மாசக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லியாகிவிட்டது. சர்ச்சுக்குப் போவதை ஏற்கெனவே நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்காரர் போய்விட்டார், அதுதான் காரணம். கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர், வாய்த்துடுக்கான மனிதர். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் ஆரம்பித்ததும் தூங்குவார், ஆமென் சொல்லும் நேரத்தில் சரியாகக் கண்ணைத் திறப்பார். கேட்டால், “அலாரம் வச்சிருக்கேன்டி” என்பார். அந்த மனிதர் சிறுநீரகம் கெட்டுப்போய், இதே ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடியில் நாலாம் படுக்கையில் கிடந்தார்.

அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். மூன்றாவது மாடிக்குப் போகிற அடுக்கில், இருக்கிறதிலேயே மிருதுவான விரிப்பாகத் தேடி, மூலையில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தாள். அதன்மேல் ஒரு வரியோடு விடவில்லை. அழுது, கெஞ்சி, சண்டை பிடித்து, கல்யாணமான நாளிலிருந்து கதையெல்லாம் சொல்லி ஜெபித்தாள். மற்ற விரிப்புகளுக்கு அவசரத் தட்டுத்தான். நியாயமா என்று கேட்காதீர்கள். புருஷன் மேலே செத்துக்கொண்டிருக்கும்போது எவளுக்கு நியாயம் தோன்றும்?

பார்வை நேரத்தில் மேலே போனதும் முதல் கேள்வியே அதுதான்.

“முடிச்சு வந்துச்சா?”

“வந்துச்சு, வந்துச்சு. அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் படுத்திருக்கேன்” என்று போர்வைக்குள் கையை அசைத்துக் காட்டுவார். விரிப்பின் மூலை போர்வைக்குள் மறைந்திருக்கும். போர்வையை விலக்கினால் நர்ஸ் சத்தம் போடுவாள். மறுநாள் அழுக்கு மூட்டையில் அந்தச் சிவப்பு நூல் திரும்பி வரும். அவள் அதை வெட்டிவிட்டுப் புதிதாய் ஒன்று கட்டுவாள்.

இருபத்தாறு முடிச்சு. இருபத்தேழாவது நாள் மத்தியானம் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த போதகரிடம் அவள் நேராகவே கேட்டாள். “ஐயா, முன்பின் தெரியாத ஜனங்களுக்கெல்லாம் கேட்டேனே. எனக்குன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அதைக்கூட அவர் காதுல போட்டுக்கலையே.” நல்ல மனிதர், ஆறுதல் என்று எதையும் அளந்து கொட்டவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அவள் மூன்றாவது மாடிப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை, மேலே இருக்கிறவரிடமும் பேச்சில்லை.

நாற்பத்து நாலாம் நாள் காலை. மூன்றாவது மாடியில் விரிப்பு மாற்றுகிற தள்ளுவண்டிக்காரர், மூச்சு வாங்கக் கீழே இறங்கி வந்தார்.

“அக்கா, சிவப்பு முடிச்சு போட்ட விரிப்பு இனிமே வரவே வராதா? கடைசி அறை அம்மா என் உயிரை வாங்குது.”

“கடைசி அறையா?” அவள் கை நின்றது. “அது நாலாம் படுக்கைக்கு அனுப்பினதாச்சே!”

உளறிவிட்டோமே என்று தள்ளுவண்டிக்காரர் விழித்தார். படுக்கைப்புண் வந்தவர்களுக்கு முரட்டு விரிப்பு ஆகாது. மிருதுவானதாகப் பார்த்து, நூல் கட்டி ஒதுக்கி வைப்பது மாடியில் பழைய வழக்கமாம், நடுவில் யாரோ நிறுத்திவிட்டார்களாம். முதல் நாள் நூலைப் பார்த்ததும் பழையபடி ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்து, படுக்கைப்புண்ணோடு கிடந்த அந்தக் கடைசி அறை அம்மாவுக்கு விரித்தவர், அப்புறம் ஒரு நாளும் தவறவிடவில்லையாம். மாடியில் நடப்பது கீழே இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

“அட பாவி!” மேசையில் ஓங்கி அறைந்தாள். “என் வீட்டுக்காரருக்கு நான் கெஞ்சிக் கேட்டதையெல்லாம் தூக்கிட்டுப் போய் யாருக்கோ விரிச்சுட்டியே! நல்லா இருப்பியா நீ?”

சொன்ன மறுநொடி ஏதோ உறைத்தது. “இரு. அவர் தினமும் முடிச்சு வந்துச்சுன்னு சொன்னாரே?”

தள்ளுவண்டிக்காரர் அழுக்கு மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அவருக்குத் தெரியும்க்கா. மொத நாளே கேட்டாரு, சிவப்பு முடிச்சு எங்கேன்னு. கடைசி அறைக்குப் போட்டுட்டேன், மாத்தித் தரட்டுமான்னேன். அங்க யாருன்னாரு. வயசான அம்மா, பார்க்க ஒரு ஆள் வரதில்லை, அந்த முடிச்சு கையில கிடைச்சதும் யாரோ தனக்குன்னு கட்டி விட்டிருக்காங்கன்னு சொல்லிச் சொல்லியே தூங்கிப்போச்சுன்னேன். அதுக்கு, ‘அங்கேயே இருக்கட்டும்ப்பா. எனக்குத்தான் அவளே தினம் வராளே. அவகிட்ட மட்டும் உளறிடாதே, உன்னையும் என்னையும் சேர்த்து எட்டா மடிச்சு வச்சிடுவா’ன்னாரு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது. மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பிரசங்கம் முழுக்கத் தூங்கின மனுஷன்! இருபத்தாறு நாள் வெறும் கையைப் போர்வைக்குள் அசைத்துக்காட்டிப் பொய் சொல்லியிருக்கிறார்.

எழுந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலே பார்த்து, “ஆண்டவரே, உம்மேல எனக்குக் கோபம் இன்னும் தீரல” என்றாள். நிஜமாகவே தீரவில்லை. வீட்டுக்காரர் போனது போனதுதான். நாளைக்கும் வீட்டுக்குப் போனால் பூட்டைத் திறக்க வேண்டியது அவள்தான்.

ஆனால் கை மட்டும் அடுக்குக்குள் நுழைந்து மிருதுவான விரிப்பைத் தேடியது. சிவப்பு நூலைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். மடித்தாள். தட்டப்போன கை அந்தரத்தில் நின்றது.

“அந்தம்மாவுக்கு எங்க வலி?”

இருபத்திரண்டு வருஷத்தில் விரிப்பில் படுக்கிறவரைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது.

“முதுகுதான்க்கா. இடது பக்கம் திரும்பவே முடியல.”

“ஆண்டவரே,” என்றாள். “கடைசி அறையில முதுகு வலிக்குதாம். பாத்துக்கும்.” தட்டினாள்.

தள்ளுவண்டிக்காரர் விரிப்பை வாங்கிக்கொண்டார். “நாளைக்கும் வருமாக்கா?”

அவள் அடுத்த விரிப்பை உதறினாள். “நாளைக்கு நீ இறங்கி வராதே. நானே கொண்டாந்து விரிக்கிறேன். முடிச்சு அந்தம்மாவுக்குக் கை எட்டுற பக்கம் இருக்கணும்.”