குமாஸ்தாவின் கண்ணாடி

சலூன்காரர் இப்போது கத்தரியைத் தொடுவதில்லை. கை நடுக்கம் வந்ததும் தொழிலை விட்டுவிட்டார். வாய்க்கு மட்டும் நடுக்கம் வரவில்லை. யாராவது வந்து உட்கார்ந்தால் போதும், எங்கே ஆரம்பித்தாலும் பேச்சை வாத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

வாத்து என்றால் குளத்தில் நீந்துகிற சின்ன வாத்து இல்லை. நீண்ட கழுத்தும் வெள்ளை வெளேரென்ற உடம்புமாக முழங்காலுக்கு மேல் வளர்கிற கூஸ் வாத்து. வீடு மாறிப்போன ஒரு வாடிக்கையாளர், “வச்சுக்கங்கண்ணே, இதுங்க இருந்தா நாயே வேண்டாம்” என்று இரண்டை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் வேலி போட்ட கொல்லை. இடத்துக்குப் பஞ்சமில்லை.

இரண்டில் ஒன்று வாயாடி. கேட் திறக்கிற சத்தம் கேட்டாலே தெருவைக் கூட்டிவிடும். அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார். இன்னொன்று அது போகிற பக்கமெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே போகும். அது குமாஸ்தா. மேனேஜர் ஆண், குமாஸ்தா பெண் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. வருகிறவர்களிடமும் அப்படியே அளந்துகொண்டிருந்தார். ஒருநாள் காலை மேனேஜர் வைக்கோலில் முட்டையிட்டது.

அவர் மனைவி சிரித்த சிரிப்பு கடைவரைக்கும் கேட்டது. “சத்தம் போடறது ஆம்பளைன்னு யாரு சொன்னா உங்களுக்கு? நம்ம வீட்டையே பாத்து தெரிஞ்சிருக்கலாமே.”

சிரித்ததோடு விட்டிருக்கலாம். உள்ளங்கை கொள்ளாத அந்த முட்டையைப் பார்த்ததும் ஆசை வந்து, எடுத்துப்போய்ப் பொரித்துவிட்டார். பின்னால் வந்த முட்டைகளுக்கும் அதே கதிதான். எடுக்கிறபோதெல்லாம் குமாஸ்தா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது.

வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத குமாஸ்தா, அதற்குப் பிறகு அந்த அம்மாளின் நிழல் தெரிந்தாலே கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறிக்கொண்டு வரும். மற்ற யாரையும் ஒன்றும் செய்யாது. சலூன்காரர் பாடம் நடத்தினார்.

“கழுத்தைத் தாழ்த்தி நீட்டுச்சுன்னா சண்டைக்கு வருதுன்னு அர்த்தம். ஓடினா தொலைஞ்சே. நிமிந்து நின்னு கையை ரெண்டு பக்கமும் விரி. நீ பெரிய ஆளுன்னு அதுவே போயிடும்.”

“துணி காயப்போடறப்ப எந்தக் கையை விரிக்கறது?” என்றார் மனைவி. துடைப்பம் இல்லாமல் கொல்லைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

ஒரு மழைக்காலத்தில் வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்த தெருநாய் மேனேஜரைக் கொன்றுவிட்டது. குமாஸ்தா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. சத்தம் இல்லை, தீனி இல்லை. ஊறவைத்த தானியத்தைக் கையில் வைத்துக்கொண்டு சலூன்காரர் கெஞ்சிப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டது. இது பிழைக்காது என்றே முடிவுகட்டிவிட்டார்.

அப்படியிருக்கையில் ஒருநாள் குமாஸ்தா பின்கதவு வழியாகக் கடைக்குள் வந்தது. சுவரோரம் தரையில் ஒரு கீறல் விழுந்த கண்ணாடி சாய்ந்திருந்தது. அதன் எதிரே நின்றது. கழுத்து மெல்ல உயர்ந்தது. சாயங்காலங்களில் இரண்டும் ஒட்டி உட்கார்ந்து தங்களுக்குள் முனகிக்கொள்ளுமே, அந்த முனகல் கேட்டது. சவரத்துக்கு வந்தவரைக் கன்னத்தில் பாதி நுரையோடு அப்படியே விட்டுவிட்டு, சலூன்காரர் ஓடிப்போய்த் தீனித் தட்டைக் கண்ணாடி முன்னால் வைத்தார். குமாஸ்தா சாப்பிட்டது.

அதன்பின் பகலெல்லாம் அதற்குக் கடையில்தான் வாசம். முடிவெட்ட வந்தவர்கள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வார்கள். கலகலப்பென்றால் அதுதான் கலகலப்பு.

கடையை மூடியபோது நாற்காலி, கண்ணாடி எல்லாவற்றையும் ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கீறல் கண்ணாடியும் அதோடு போனது. சலூன்காரருக்கு அது உறைக்கவே இல்லை. மறுநாள் குமாஸ்தா காலி அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக் கூப்பிட்ட பிறகுதான் பதறிப்போய் அவருக்குப் போன் செய்தார்.

“அந்த உடைஞ்சதா? வழியிலேயே போட்டுட்டேனே அண்ணே.”

சவரம் செய்கிற சின்னக் கண்ணாடியைக் காட்டிப் பார்த்தார். குமாஸ்தா கண்டுகொள்ளவில்லை. தீனி மறுபடி நின்றது.

அன்று மத்தியானம் படுக்கையறையில் திருகாணி சுழற்றுகிற சத்தம். போய்ப் பார்த்தால், கல்யாணமான நாளிலிருந்து தான் தலைவாருகிற பீரோக் கண்ணாடியை மனைவி கழற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன பண்றே?”

“முட்டையை எடுத்தவ நான். கண்ணாடியைத் தூக்கிக் குடுத்தவர் நீங்க. அது யாரை நம்பிச் சாப்பிடும்?”

கண்ணாடியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். துடைப்பமும் இல்லை, விரிக்கக் கையும் இல்லை. குமாஸ்தா கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் நகராமல் கண்ணாடியைத் தரையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வந்ததும் கழுத்து நின்றது, நிமிர்ந்தது. பிறகு அந்த முனகல். மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடக் கையை எடுக்கவில்லை.

வீட்டுக்குள் வேறு பெரிய கண்ணாடி இல்லாததால் மறுநாளிலிருந்து சீப்பும் முக்காலியுமாகக் கொல்லைக்கே வந்து தலைவாரினார். கண்ணாடிக்குள் தன் ஜோடிக்குப் பக்கத்தில் தினமும் உட்காருகிறவளைக் கடிப்பானேன் என்று குமாஸ்தா நினைத்ததோ என்னவோ, சீறுவதை விட்டுவிட்டது. அந்த அம்மாள் தலைவார, அது இறகைக் கோதிக்கொள்ளும்.

குமாஸ்தா வயதாகித்தான் போய்ச்சேர்ந்தது. சலூன்காரர் பீரோவுக்குப் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். ஆனாலும் மனைவி காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குத்தான் போகிறார்.

“உள்ளயே புதுசு இருக்கே?”

“இங்கதான் வெளிச்சம்” என்பார்.

அங்கே இருக்கிற பழைய கண்ணாடிக்கு நேராக மட்டும் உட்காரமாட்டார். முக்காலியைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிப் போட்டுக்கொள்கிறார். கண்ணாடியில் மீதிப் பாதி காலியாகவே இருக்கிறது.