வரிசையிலேயே நின்ற வசுமதியின் கணக்கு

வசுமதி போய்விட்டார் என்ற செய்தி துறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்குக் கீழே முதல் ஆளாகக் கைகூப்பியிருந்தவர் நம் துறைத்தலைவர். வசுமதியோடு அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம்.

உங்களில் பலருக்குத் தெரியும், செஞ்சியில் நம் கல்லூரி ஆய்வகக் கணினிகளை இணைத்து ஒன்றாகக் கணக்குப் போட வைத்தவர் அவர். எந்த வேலை எப்போது எந்தக் கணினியில் ஓட வேண்டும் என்று ஒதுக்கும் மென்பொருளையும் அவரே எழுதினார். பெருமழையில் இந்த வட்டாரத்து ஏரிகளில் எது முதலில் உடையும் என்பது அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. ஒரு கணினிக்கு ஓர் ஏரி. ஒன்றின் உபரிநீர் அடுத்ததற்குப் போவதால் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் ஓடியாக வேண்டும்.

ஆனால் இரண்டு கணினி காலியானால் போதும், மாணவர்களின் சின்ன வேலைகள் புகுந்துவிடும். "அமாவாசைக்கு மேல்மலையனூர் பஸ்ஸுக்கு நிக்கறவங்கள பாத்திருக்கியா? தனி ஆளு தாவி ஏறிடுவான். கொழந்தைக்கு மொட்ட அடிக்கப் போற குடும்பம் மொத்தமா நின்னுக்கினே இருக்கும். அவங்களுக்குன்னு ஒரு பஸ்ஸ காலியா நிறுத்தணும்பா," என்பார். அப்படியே ஒரு விதியும் எழுதினார்: பெரிய வேலை காத்திருந்தால், காலியாகும் கணினிகளை அதற்காகப் பிடித்து வைக்க வேண்டும்.

தலைவர் ஒருநாள் ஆய்வகத்துக்கு வந்தார். "இன்னாம்மா, பாதி மெஷினு சும்மா கெடக்குது? எடு அந்த ரூல."

"சும்மா இல்ல சார், மத்தது வர்ற வரைக்கும் காத்துக்கினு இருக்குது."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விதி போயிற்று. புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் வசுமதி அந்த விதியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிப் போய்க் கேட்டார். "பார்க்கலாம்" என்றே சொல்லி அனுப்பினார் மனுஷன். மருத்துவமனையிலிருந்து என்னிடம் போனில் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "என்னுது ஓடிச்சா?"

இரங்கல் கூட்டத்தில் தலைவர் அவரைப் பொறுமையின் சிகரம் என்றார். பொறுமையா? காக்க வைத்தது நீங்கள், ஐயா. அங்கேயே எழுந்து சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன்.

கூட்டம் முடிந்ததும் ஆய்வகத்துக்குப் போய் அந்த விதியைத் திரும்பச் சேர்த்தேன். யாரையும் கேட்கவில்லை. வசுமதியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த விதியும் இந்தக் கோபமும்தான். எடுக்கச் சொல்லி யார் வந்தாலும் இரண்டையும் எடுக்க மாட்டேன். கணினிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன, கணக்கு ஓடியது. எந்த ஏரி முதலில் உடையும் என்று இப்போது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அதற்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு பிற்பகல்.