பல் பார்த்து வயது சொன்னவர்

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் கரிப்புகையில் ஓடிய பஸ், அதன் அடுப்பில் கரி போடுவதற்காக மேச்சேரியில் நின்றது. என் பக்கத்தில் ஓர் ஆட்டு வியாபாரி உட்கார்ந்திருந்தார். சிவப்புத் தலைப்பாகை, முறுக்கு மீசை. யாரோடு பேசினாலும் முகத்தைப் பார்க்காமல் பல்லையே பார்த்தார்.

நான் நட்சத்திரங்களை ஆராய்கிறவன் என்றதும், "அதுகளுக்கும் வயசாகுமுங்களா?" என்றார்.

"ஆகுமுங்க. ஆனா கோடிக்கணக்கான வருசம் புடிக்கும்."

"அத்தனை நாளு யாருங்க உக்காந்து பாத்தது?"

"ஒண்ணையே பாக்கறதில்லைங்க. நெறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து, எளசு எது, முத்தினது எதுன்னு பல நட்சத்திரங்களை வரிசைப்படுத்துவோம்."

"அட, சந்தையில ஆட்டோட பல்லைப் பாத்து நானும் அதைத்தானுங்க பண்றேன்! உங்களுக்கு முப்பத்தாறு நடக்குதுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று நான் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். பெண் வீட்டாரிடம் முப்பது என்று சொல்லியிருந்தேன். வயது முப்பத்தாறுதான் என்பதையும் அந்தப் பொய்யையும் மெல்லிய குரலில் அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"நெசத்தைச் சொல்லிப்போடுங்க சாமி" என்று சிரித்தார்.

பெண் வீட்டில் உண்மையைச் சொன்னேன். பெண்ணின் தகப்பனார் முகம் சுளித்தார், பெண் சிரித்துவிட்டாள். அவள்தான் என் மனைவி.

நட்சத்திரத்தின் வயதில் நாங்கள் சில கோடி வருஷம் தவறினாலும் யாரும் கேட்பதில்லை. அந்த மனிதர் ஒரு வருஷம்கூட எப்படித் தவறவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.