மருதேவி மெல்லவில்லை

மருதேவியின் வாய் சும்மா இருக்காது. உள்ளே ஒன்றும் இல்லாமலே மென்றுகொண்டிருக்கும். நடுநடுவே நாக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் தொடங்கி இரண்டு வருடமாக இதே கூத்துதான். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த ஒரு அம்மாள், ஏதோ நாமம் ஜெபிக்கிறாள் என்று நினைத்து அவளைக் கும்பிட்டுவிட்டே போனாள். அந்த நல்லெண்ணம்கூட வீட்டில் இல்லை.

அவர்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. அப்படிப்பட்ட வீட்டில் விளக்கு வைத்த பிறகும் ஒருத்தி மென்றுகொண்டிருந்தால்? கூடவே இருந்த நாத்தனார் ஜெயந்திமாலா அரிசி டின், வெல்லப் பானை எல்லாவற்றையும் சோதித்தாள்.

"வாயைத் திற, பாக்கலாம்."

திறந்தால் நாக்கு தானாக வெளியே நீளும். "பாருடா தம்பி, எனக்கே அழகு காட்டறா!"

"தூங்கறப்போ ஆடறதில்லையேக்கா" என்பான் மருதேவியின் கணவன் அப்பாண்டைராஜ்.

"தின்னு முடிச்சிருப்பா."

இந்த மனுஷியிடம் என்னத்தைச் சொல்வது!

வருடாவருடம் ஜெயந்திமாலா எட்டு நாள் நோன்பு இருப்பாள். ஒன்பதாம் நாள் அவள் நோன்பு முடிக்கக் குடிக்கும் கஞ்சியை நெறி தவறாத கைதான் வைக்க வேண்டும். பத்து வருடம் அது மருதேவியின் கை. போன வருடம் பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்தது. இந்த வருடமும் அப்படித்தான் என்று நோன்பின் முதல் நாளே அறிவிப்பு. ஒரு நாள்கூட நெறி தவறாத மருதேவிக்கு வயிறு எரிந்தது.

எட்டாம் நாள் காலை, கணவனை இழுத்துக்கொண்டு செங்கம் ரோட்டில் புதிதாக வந்திருந்த டாக்டர் வேதாவிடம் போனாள்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

அப்பாண்டைராஜ் பெருமையாக ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். எழுபத்தைந்தில் பிரசவத்துக்குப் பின் மருதேவிக்குத் தூக்கம் போய், காதில் யார் யாரோ பேச ஆரம்பித்தபோது வேலூர் டாக்டர் எழுதியது. நாலு மாதத்தில் குணமாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். யார் போனார்கள்? அதே சீட்டுக்கு மெடிக்கல் ஷாப்காரன் மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தான். கிழிந்த சீட்டை அட்டையில் ஒட்டிக் காப்பாற்றியிருந்தான் இந்த மகா புத்திசாலிப் புருஷன்.

"ஒன்பது வருஷமா? யாரைக் கேட்டுங்க?" டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதை ரொம்ப நாள் சாப்பிட்டா சில பேருக்கு வாயும் நாக்கும் தானா ஆடும். அவங்க மேல தப்பே இல்லை."

"நிறுத்திட்டா போயிடுமாங்க?"

"சட்டுனு நிறுத்தக் கூடாது. நான் பாத்து கொஞ்சம் கொஞ்சமா கம்மி பண்றேன். போகலாம், போகாமலும் இருக்கலாம்."

வீட்டுக்கு வந்து அப்பாண்டைராஜ் எல்லாவற்றையும் விளக்கினான். எட்டு நாள் பட்டினியிலும் ஜெயந்திமாலாவின் குரல் மட்டும் இளைக்கவில்லை. அட்டையை வாங்கிப் படித்தாள்.

"ராத்திரி ஒண்ணுனு போட்டிருக்கு. அப்போ இத்தனை வருஷமா ராத்திரியில முழுங்கியிருக்கா!"

மருதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொழுது இருக்கறப்பவே முழுங்கினேன், அண்ணி. அந்த மாத்திரைத் தூக்கத்துலதான் ஏழு மணிக்கெல்லாம் பாத்திரத்து மேலயே சாஞ்சு விழுந்தேன். சோம்பேறினு ஒன்பது வருஷம் திட்டினீங்களே, ஒரு நாளாவது ஏன்னு கேட்டீங்களா?"

ஜெயந்திமாலா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "சரி, நாளைக்குக் கஞ்சியை நீயே வெச்சுக் குடு" என்றாள்.

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் மருதேவி ஏங்கிக் கிடந்தாள். வந்தபோது அழுகையும் ஆத்திரமும்தான் பொங்கின.

"வெக்கறேன், அண்ணி. ஆனா எதிர்ல உக்காந்து, என் வாயைப் பாத்துக்கிட்டே குடிக்கணும்."