இந்த வீட்டு மக்களாகிய நாங்கள்

ஆவடியில் அப்பாவின் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தபோது, எங்கள் வீட்டுக்கென்று தனியாக ஓர் அரசியலமைப்புச் சட்டம் இருந்தது. எழுதியவர்கள் நானும் அண்ணனும். சபைக்குத் தலைமை வகித்தவர் அம்மாவின் தம்பி, கரையான்சாவடி மாமா.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், குடியரசு தினம் வருகிறதே என்று டீச்சர் நாடு தன் சட்டத்தை எழுதிக்கொண்ட கதையைச் சொன்னார். சுதந்திரம் வந்த மறுநாளே எல்லாம் மாறிவிட்டது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் விட்டுப்போன சட்டத்தை வைத்தே இரண்டு வருஷத்துக்கு மேல் காலம் தள்ளினார்களாம். அதற்குள் பல திசைகளிலிருந்தும் வந்தவர்கள் ஒரு பெரிய மண்டபத்தில் உட்கார்ந்து, ஒரு குழு எழுதிக் கொடுத்ததைப் பிரிவு பிரிவாக வாசித்து, ஒரு சொல்லைச் சேர்ப்பதா எடுப்பதா என்று மணிக்கணக்கில் வாதாடினார்களாம். முகவுரையை எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் கையில் எடுத்தார்கள். நவம்பரில் நிறைவேற்றிவிட்டு, ஜனவரியில் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். இருபத்தாறாம் தேதிதான் முழுதாக அமலுக்கு வந்தது. நிறைவேறிய சட்டம் அத்தனை நாள் சும்மா காத்திருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கும் அண்ணனுக்கும் டிவி ரிமோட்டுக்காக அடிதடி. அம்மா வந்து இருவர் முதுகிலும் பாரபட்சமில்லாமல் வைத்தார். அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே வந்தார். அவர் மொபைல் கடை வைத்திருந்தார். வாரம் தவறாமல் ஞாயிறு சாப்பாட்டுக்கு ஆஜராகிவிடுவார். நான் அழுதுகொண்டே டீச்சர் சொன்ன கதையையும் சேர்த்துச் சொன்னேன். எது புகார், எது பாடம் என்று பிரித்துப் பார்க்காமல் அவர் முழுவதையும் கேட்டார்.

"இந்த ஊட்ல சட்டம்னு ஒண்ணு இல்ல. அதான் இப்டி அடிச்சிக்கினு கீறீங்க," என்றார். "நாட்டுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சா? நாம சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்."

சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலில் பாய் விரித்துச் சபை கூடியது. அப்பா செய்தித்தாளோடு நாற்காலியில் இருந்தார். அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். அத்தை சமையலறை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி, ரயிலில் சில ஸ்டேஷன் தள்ளித் திருநின்றவூரில் இருந்தார். தீபாவளிக்கு வந்திருக்கிறார் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். தீபாவளிக்கு வந்தவர் பிரஷர் குக்கரை ஏன் தூக்கிக்கொண்டு வந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. அவருடைய முழங்கைக்கு மேலே நீளமாக ஒரு தழும்பு இருந்தது. குக்கர் ஆவி பட்டதென்று சொன்னார். அதனால் அந்தக் குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் நான் ஹாலுக்கு ஓடிவிடுவேன். தீபாவளி போய்ப் பொங்கலும் போயிற்று. அத்தையின் துணிமணி இன்னும் ஒரு பையில் இருந்தது. இரவில் அவர் ஹாலில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டார். புருஷன் பொண்டாட்டி சண்டை இல்லாத வீடு எது, இந்த ஒரு ரூமை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு என்று அம்மா அப்பாவிடம் கேட்டது ஒருமுறை என் காதிலும் விழுந்தது. ரூமைப் பற்றிய பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

முதல் பிரிவு டிவி. கிரிக்கெட் உள்ள நாளில் அண்ணனுக்கு, இல்லாத நாளில் எனக்கு, இரவு சீரியல் நேரத்தில் அம்மாவுக்கு என்று அதிகம் தகராறில்லாமல் நிறைவேறியது. பால் வாங்கப் போவது, ஃபேனுக்கு நேர் கீழே படுப்பது எல்லாம் அடுத்தடுத்து முடிந்தன. நான்காவதாக, நாங்கள் இருவரும் முன்கூட்டியே பேசி வைத்திருந்த பிரிவை அண்ணன் எழுந்து நின்று வாசித்தான்: இந்த வீட்டில் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது.

அம்மா உடனே திருத்தம் கொண்டுவந்தார். காரணமில்லாமல் அடிக்கக் கூடாது என்று இருக்க வேண்டுமாம். காரணம் இருக்கிறதா இல்லையா என்பதை யார் முடிவு செய்வது என்று அண்ணன் கேட்டான். அதற்குத்தான் சுப்ரீம் கோர்ட் என்றார் மாமா. இந்த வீட்டில் சுப்ரீம் கோர்ட் யார் என்றேன் நான். மாமா அம்மாவைக் காட்டினார். அடிப்பவரே தீர்ப்பும் சொல்வதா என்று நாங்கள் இருவரும் கத்தினோம். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார். மாமா தரையைத் தட்டி அமைதி காக்கச் சொன்னார்.

அப்போதுதான் அத்தை பேசினார். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காரணம்ங்கிற வார்த்தை வேண்டாம் மதினி. அடிக்கிறவங்களுக்கு அது எப்பிடியும் கெடச்சிரும்."

அப்பா செய்தித்தாளை மடித்தார். திரும்பவும் விரித்தார். அம்மா நீட்டிய காலை மடக்கிக்கொண்டு அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாமாவிடம், "அந்த வார்த்தைய எட்த்துடு," என்றார்.

அண்ணனும் நானும் கைதட்டினோம். எங்கள் வாதத்துக்கு முன்னால் அம்மாவால் நிற்க முடியவில்லை என்று நினைத்தோம்.

கடைசியில் முகவுரை. "இந்த வீட்டு மக்களாகிய நாங்கள்" என்று நான் எழுதி, கீழே பெயர்களை எழுதத் தொடங்கினேன். அத்தையின் பெயருக்கு வந்தபோது அண்ணன் தடுத்தான். அத்தை கெஸ்ட்தானே, ஊருக்குப் போய்விடுவாரே என்றான். அவன் சொன்னதில் தப்பும் இல்லை. எங்களுக்குச் சொல்லப்பட்டது அதுதான். அத்தை கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எழுதுடா," என்றார் அம்மா. "அவ இந்த ஊட்டு ஆளு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று மாமா அறிவித்தார். பிறகு, தலைமை வகித்த தன் பெயர் மட்டும் மக்களில் இல்லையா என்று குறைபட்டுக்கொண்டார்.

அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடலாம் என்றார்கள். நான் விடவில்லை. நாடு காத்திருந்தது போல நாமும் இருபத்தாறு வரை காத்திருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அதன் பலனை நானேதான் அனுபவித்தேன். சட்டம் இன்னும் அமலுக்கு வரவில்லை என்று சொல்லிச் சொல்லி அந்த வாரம் முழுவதும் அண்ணன் என் தலையில் குட்டினான். அதே வாரத்தில் அம்மா பீரோவில் தன் புடவைகளை நெருக்கி அடுக்கி, ஒரு தட்டைக் காலி செய்து அத்தைக்குக் கொடுத்தார். பை பரண் மேல் ஏறியது.

குடியரசு தினத்தன்று காலையில் மைதானத்தில் கொடியேற்றம் முடிந்து லட்டோடு வீட்டுக்கு வந்தோம். அப்பா அலுவலகக் கையெழுத்தைப் போட்டார். அம்மா ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதினார். அத்தை தன் பெயருக்கு முன்னால் அப்பா போட்ட அதே இனிஷியலைப் போட்டார். கல்யாணமானால் இனிஷியல் மாறும் என்று எனக்குத் தெரியும். தப்பாகப் போட்டுவிட்டீர்கள் என்று திருத்தினேன். இருக்கட்டும் என்றார். காகிதத்தை டிவிக்கு மேலே ஒட்டினோம்.

சாயங்காலம் திருநின்றவூர் மாமா வந்தார். அத்தையின் வீட்டுக்காரரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வந்திருந்தார். என் படிப்பை விசாரித்தார். லீவு நாளிலும் ரயிலில் கூட்டம் என்று அப்பாவிடம் சொன்னார். காப்பி குடித்து முடித்த பிறகு, சமையலறைப் பக்கம் பார்த்து, கிளம்பச் சொன்னார். அத்தை வெளியே வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே என்று அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா வாசலை மறித்து நின்றார். "அவ வரமாட்டா அண்ணா. இங்கதான் இருப்பா."

திருநின்றவூர் மாமா குரலை உயர்த்தவில்லை. அப்பாவிடமே பேசினார். "காரணம் இல்லாம நான் கைநீட்டினது கெடையாது மச்சான். வேணும்னா அவளையே கேளுங்க."

காரணம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாங்கள் விவாதித்து நீக்கிய சொல்லாயிற்றே. ஸ்டூலைப் போட்டு ஏறிக் காகிதத்தை எடுத்து வந்து, அவர் முன்னால் நின்று நான்காவது பிரிவை வாசித்துக் காட்டினேன். முதலில் காரணம் என்று இருந்ததையும், அத்தை சொல்லி அம்மா எடுத்துவிட்டதையும் விளக்கினேன். கீழே இருந்த கையெழுத்துகளை விரலால் காட்டினேன். வழக்கமாகப் பெரியவர்கள் பேசும்போது உள்ளே போ என்பார்கள். அன்றைக்கு ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. திருநின்றவூர் மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை நிமிர்த்தினார்.

"அதுல என் கையெழுத்தும் இருக்கு," என்றார்.

திருநின்றவூர் மாமா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அதன் பிறகு அத்தை பல வருஷம் எங்களோடு இருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கும் அம்மாவுக்கும் சமையலறையில் மனஸ்தாபங்கள் வராமலும் இல்லை. சில சமயம் நாள் கணக்கில் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்தப் பை பரணை விட்டு இறங்கவில்லை.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது வேறு. ஸ்வீட் பாக்ஸெல்லாம் வாங்கி வந்த மனிதர் கோபித்துக்கொண்டு போய்விட்டாரே என்று வருத்தமாக இருந்தது. அவர் முகம் ஏன் மாறியது என்று யோசித்து, காரணத்தைக் கண்டுபிடித்தும்விட்டேன். எல்லோர் பெயரையும் எழுதிய நாங்கள் அவர் பெயரை விட்டுவிட்டோம். அம்மா அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோது, நான் பேனாவோடு போய், திருநின்றவூர் மாமா பெயரையும் சேர்த்துவிடலாமா என்று கேட்டேன்.