உப்புக்கென்று ஒரு தனிக்கடை

நிற்காது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நான் இங்கே இருக்கிறேன்" என்று அறிவிப்பதற்கென்றே ஒரு செயலி செய்து, அதை மட்டும் நம்பி ஒரு கம்பெனி நடத்தினால் அது நிற்காது. இன்று யாராவது கேட்டால் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். இதைத் தெரிந்துகொள்ள எனக்கும் என் சிநேகிதிக்கும் சில வருஷங்கள் ஆயின. அவ்வளவு மண்டுகள் நாங்கள்.

அவள் என்னோடு கல்லூரியில் படித்தவள். ஊர் வரதராசன்பேட்டைப் பக்கம். சென்னையில் நல்ல கம்பெனியில் இருந்தாள். நான் பெரம்பலூரிலேயே பிறந்து, பெரம்பலூரிலேயே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு விடுமுறையில் பேச்சு வாக்கில் ஆரம்பித்த யோசனை. அவள் வேலையை விட்டாள், நான் வேலையை விட்டேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அறை எடுத்தோம். அவள் செயலியை எழுதுவாள், நான் கடை கடையாக ஏறி இறங்கிப் பேசுவேன். வாய் எனக்குத்தான் ஜாஸ்தி என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

செயலி இதுதான். ஒரு பேக்கரிக்குப் போகிறீர்கள். போனைத் திறந்து "வந்தாச்சு" என்று ஒரு தட்டு. நீங்கள் அங்கே இருப்பது உங்கள் சிநேகிதர்களுக்குத் தெரியும். அடிக்கடி வந்தால் கடைக்காரர் ஒரு பப்ஸ் சும்மா கொடுப்பார். கடைக்காரர் எங்களுக்கு மாதச் சந்தா கட்டுவார். காகிதத்தில் பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

முதலில் கேட்ட டீக்கடைக்காரரே ஒரே போடாகப் போட்டார். "வர்ற ஆளு யாருன்னு எனக்குத் தெரியாதாம்மா? வண்டிச் சத்தம் கேட்டாலே அவருக்குச் சக்கர கம்மியா டீயப் போட்டுருவேன். இதச் சொல்ல ஒரு மெஷினு, அதுக்கு நான் காசு வேற கட்டணுமா?" எனக்குக் கோபம் வந்தது. முன்னேற்றம் தெரியாத மனுஷன் என்று படியிறங்கும்போது திட்டினேன். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பது பிற்பாடு உறைத்தது.

வீட்டில் "அரியலூர்ல மீட்டிங்" என்று சொல்லிவிட்டுப் பெரம்பலூர் தியேட்டரில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் "வந்தாச்சு" தட்டிவிட்ட ஒருவரை எங்கள் செயலி அவர் மனைவியிடமே போட்டுக் கொடுத்தது. அவர் போன் பண்ணி என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் தட்டுகிறவர்கள் கணக்கு விர்ரென்று ஏறும். சென்னையில் எங்களுக்கு ஆலோசனை சொல்ல ஒரு சார் இருந்தார், வீடியோவில் வருவார். "அந்த ரெண்டு நாள் என்ன ஆஃபர் குடுக்கறீங்க? அதையே தினமும் குடுங்க" என்றார். சிறுவாச்சூர் அம்மன் கோயில் நடை வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் திறக்கும், கோயிலுக்குப் போகிறவர்கள்தான் தட்டுகிறார்கள் என்று சொன்னேன். மற்ற நாளில் ஒரு ஈ காக்காய்கூட எங்கள் செயலியைத் திறப்பதில்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நான் அப்போதே மூடியிருப்பேன். மூடாததற்கு ஒரே காரணம் அவள்தான். ஓய்வு பெற்ற வாத்தியாரான அவள் அப்பா, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களை நிறுத்தி வைத்து, "எம்மவ சொந்தமா கம்பெனி வச்சிருக்கா" என்று சொல்கிறவர். அவள் கட்டியிருந்த நல்ல சேலையெல்லாம் சென்னையில் வாங்கியதுதான், அதற்கப்புறம் ஒன்றும் வாங்கவில்லை. இந்தக் கம்பெனி போனால் அவள் உடைந்துபோவாள் என்று எனக்குப் பயம். அவள் முகத்தைப் பார்த்து "போதும்டி" என்று சொல்ல நாக்கு எழவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் எழும் நாக்கு அது.

சென்னை சார் ஒரு வழி சொன்னார். ஆளுக்குச் செயலி ஞாபகம் வர வேண்டும். அதனால் அவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே போன் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அதுவும் குரலில், நம் ஊர்ப் பேச்சில். நல்ல யோசனை என்று நாங்களும் தலையாட்டினோம். அவளுக்குக் கிளி மாதிரிக் குரல். அறையின் ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வேர்க்க வேர்க்கப் பதிவு செய்தோம். "எங்க கிளம்பிட்டீங்க?" ஆசையாகக் கேட்கிற மாதிரி நன்றாகவே வந்திருந்தது.

சென்னை சாரைச் சொல்லிக் குற்றமில்லை, எங்களுக்கு எங்கே போயிற்று புத்தி? வாசலில் இறங்குகிற ஆளை எங்கே என்று கேட்கலாமா? சின்ன வயதில் அதைக் கேட்டு நான் வாங்காத குட்டா? கேட்டே ஆக வேண்டும் என்றால் "தூரமா?" என்று பட்டும் படாமல் கேட்பதுதானே நம் வழக்கம்? "நாங்க வேதக்காரங்க, ஆனா எங்கம்மாவும் இதுக்கு மட்டும் அடிதான்" என்று அவளே பிறகு சொன்னாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் பிறந்த ஊர் மறந்துவிடும் போலிருக்கிறது.

ஒரு முகூர்த்த நாள் காலையில் அந்தக் குரலைத் திறந்துவிட்டோம். மத்தியானத்துக்குள் பாதிப் பேர் செயலியை அழித்திருந்தார்கள். என்ன காரணம் என்று இருவரும் விழித்துக்கொண்டிருந்தபோது, மறுநாள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வேப்பந்தட்டையிலிருந்து ஒரு தலைமை ஆசிரியை, பஸ் பிடித்து நேரிலேயே வந்துவிட்டார்.

"யாரும்மா இதுல பேசுனது?"

அவள் மெதுவாகக் கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவதுபோல.

"நீதானா அது! எம் மவனுக்குப் பொண்ணு பாக்கக் கெளம்புறோம். நல்ல நேரம் பாத்து, தட்டுல பூவும் பழமுமா சனமெல்லாம் வாசல்ல எறங்குறோம். அவன் சட்டப் பாக்கெட்டுக்குள்ளேருந்து ஒருத்தி, 'எங்க கிளம்பிட்டீங்க?'ங்குறா. எங்க மச்சாண்டாரு அப்படியே உக்காந்துட்டாரு. 'எவடா அவ?'ன்னு அவங்கப்பா அவன் சட்டயப் புடிக்கிறாரு. இவன், 'அய்யோ, யாருமில்லப்பா, ஆப்பு, ஆப்பு'ங்குறான். ஆமாண்டா, வச்சிட்டல்ல ஆப்புன்னு அவரு. தண்ணியக் குடிச்சு, சமாதானமாயி எந்திரிக்கிறதுக்குள்ள ராகுகாலம் வந்துருச்சு. அங்க பொண்ணு வூட்டுல கேசரியக் கிண்டி வச்சிட்டுக் காத்துக் கெடக்குறாங்க!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து மூக்கு வழியாக வந்துவிட்டது. என் சிநேகிதி மட்டும் அழுகிற நிலையில், "டீச்சர், அப்புறம் என்னாச்சு?" என்றாள்.

"என்னாவும்? அடுத்த வெள்ளிக்கெழம போறோம்னு சொல்லியிருக்கு. பொண்ணு வூட்டுக்காரங்க நல்லவங்க." உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். கோபம் இறங்கிவிட்டது. "ஏம்மா, போறவங்கள ஏன் மறிச்சுக் கேக்குறீங்க? போயிச் சேந்தாச்சான்னு கேளுங்க. எம் பொண்ணு உடையார்பாளையத்துல வேல பாக்குறா. பஸ்ஸு மாறிப் போவணும். அவ போயி எறங்கிட்டான்னு தெரியற வரைக்கும் எனக்கு இங்க பாடம் ஓடாது. போன் பண்ணுனா, 'வேலையா இருக்கேம்மா'ன்னு எரிஞ்சு விழுவுறா."

என் சிநேகிதி அந்தச் சாயங்காலமே குரலை எடுத்துவிட்டாள். அந்த வாரத்திலேயே மற்றதெல்லாம் போயிற்று: கடை, பப்ஸ், யார் எங்கே என்று ஊரே பார்க்கும் பட்டியல் எல்லாம். ஒரே ஒரு பொத்தான் மிஞ்சியது. "சேந்துட்டேன்." அழுத்தினால் நீங்கள் சொல்லிவைத்த ஒரே ஒருவருக்குச் செய்தி போகும். அம்மாவோ, புருஷனோ, யாரோ ஒருவர்.

அது பிடித்துக்கொண்டது. டீச்சர்கள், நர்சுகள், ஹாஸ்டல் பெண்கள். திங்கள் வெள்ளி என்றில்லை, தினமும். பேக்கரிக்காரர் பெண்கூட வைத்திருந்தாள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் இதற்கு யார் பணம் கொடுப்பார்கள்? கடைக்காரருக்கு இதில் வேலையே இல்லை. மாதத்துக்கு ஒரு டீ விலை வையுங்கள் என்றார் சென்னை சார். வைத்தோம். "ஒரு ரிங்கு விட்டுக் கட் பண்ணுனா சேதி போயிருது, இதுக்கு எதுக்குக் காசு?" என்று எல்லோரும் மிஸ்டு காலுக்குத் திரும்பிவிட்டார்கள். பயந்துபோய் விலையை எடுத்தோம். உடனே திரும்பி வந்தார்கள். ஆளுக்குப் பஞ்சமில்லை, வருமானம்தான் இல்லை. என் சிநேகிதி இளைத்துக்கொண்டே வந்தாள். "ஒண்ணும் இல்லடி, பாத்துக்கலாம்" என்று நான் சொல்வேன், அவளும் அதையே எனக்குச் சொல்வாள்.

அந்தச் சமயத்தில்தான் அரியலூரிலிருந்து ஒரு பஸ் முதலாளி கூப்பிட்டார். ஜெயங்கொண்டம், பெரம்பலூர் என்று அவருக்குச் சில பஸ்கள் ஓடின. சீசன் பாஸுக்கு அவரிடம் ஏற்கெனவே ஒரு செயலி இருந்தது. எங்கள் பொத்தானை அதற்குள் வைக்க வேண்டும், கம்பெனியை அப்படியே அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் வைத்த பெயர் இருக்காது.

இருவரும் போனோம். பஸ் ஷெட்டுக்குப் பக்கத்தில் அவர் ஆபீஸ். சிமெண்ட் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. விஷயத்தைச் சொல்லிவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. உப்ப மட்டும் வச்சுத் தனியா ஒரு கடை போட்டா எவன் வருவான்? மளிகைக் கடைன்னா உப்பு இருந்துதான் ஆவணும்" என்றார்.

"எங்க இத்தன வருஷ ஒழைப்ப உப்புங்குறீங்களா சார்?" எனக்குக் குரல் ஏறிவிட்டது. அவள் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

"உப்புன்னா என்னம்மா, லேசா? அது இல்லாம ஒருநாள் சோறு தின்னு பாருங்க." அவர் கோபப்படவில்லை. "ரெண்டு பேரும் வெளிய போயிப் பேசிட்டு வாங்க. அவசரமில்ல."

எதிரே கரும்புச்சாறு வண்டி. ஆளுக்கொரு கிளாஸ் வாங்கிக்கொண்டு புழுதியில் நின்றோம். அவளைத் தேற்ற வேண்டியது என் பொறுப்பு என்று நான் ஆரம்பித்தேன். "இங்க பாரு, ஒனக்கு இஷ்டமில்லன்னா வேணாம். இன்னும் ஒரு ஆறு மாசம் தம் கட்டிப் பாப்போம்."

"ஒனக்கு இஷ்டமில்லன்னாதான் வேணாம்டி," என்றாள் அவள். "நான் இருக்கேன். ஒன்ன விட்டுட்டுப் போவ மாட்டேன்."

"எனக்கு ஏன் இஷ்டமில்லாம போவுது?"

"நீதானே இதுக்காகக் காலேஜ விட்ட? அந்த ஆளுகிட்டயே சண்டைக்குப் போறே?"

"சண்ட ஒனக்காகப் போட்டேன்!"

அவள் கிளாஸைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்: "போன கிறிஸ்மஸுக்கே மூடிடலாம்னு தோணுச்சு. நீ ஒடஞ்சிருவியேன்னுதான் வாயத் தொறக்கல."

"அடிப்பாவி! நான் அதுக்கு முந்துன தீவாளிக்கே நெனச்சேண்டி!"

"அப்ப ஏண்டி சொல்லல?"

"ஒங்கப்பாவ நெனச்சு."

"எங்கப்பாவா? எம் மவளுக்குப் பெங்களூர்ல ஒரு வேல குடு தாயேன்னு மனுஷன் ஏலாக்குறிச்சி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டுக் கெடக்குறாரு!"

அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தோம். கரும்புச்சாறு மேலெல்லாம் கொட்டியது. சிரிப்பு எங்கே நின்று அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. ரொம்ப நாள் பல்வலி சட்டென்று நின்றுபோனதுபோல் இருந்தது எனக்கு. வலி இவ்வளவு இருந்ததே, எப்படித் தின்றோம், எப்படித் தூங்கினோம் என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

உள்ளே போனோம். பஸ் முதலாளி எங்கள் கண்ணைப் பார்த்ததும் பதறிவிட்டார். "அய்யய்யோ, ஏம்மா அழுவுறீங்க? இன்னும் கொஞ்சம் சேத்துத் தர்றேம்மா, மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க" என்றார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் மறுபடியும் காலை மிதித்தாள்.

கம்பெனியை அவருக்கே கொடுத்தாயிற்று. சாயங்காலம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு ஜெயங்கொண்டம் பஸ், எனக்குப் பெரம்பலூர் பஸ். அவள் பஸ் முதலில் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "நாளைக்கு என்னடி பண்றே?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "சும்மாதான்" என்றேன்.

"அப்ப எங்க வூட்டுக்கு வா."

"என்ன வேல?"

"ஒரு வேலயும் இல்லடி. லேப்டாப்பெல்லாம் தூக்கிட்டு வராத. சும்மா வா."

இத்தனை வருஷத்தில் அவள் வீட்டுக்கு நான் சும்மா போனதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார், பஸ் நகர்ந்தது. "வரேண்டி" என்று கத்தினேன்.