சாட்சிக்கு ஒரு கதிரை

என் அலுவலக மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைகள் கிடக்கின்றன. ஒன்று அரசாங்கம் தந்த பிளாஸ்ரிக் கதிரை; அதற்கு ஒரு கால் சற்றுக் கோணல். மற்றது ஊரெல்லாம் மாஸ்டர் என்று கூப்பிட்ட ஒரு பழைய வாத்தியார் வீட்டிலிருந்து வந்த வேப்பமரக் கதிரை. கைபட்டுக் கைபட்டு அதன் பிடிகள் மினுங்கும். அலுவலகச் சாமான்களைக் கணக்கெடுக்க வருகிறவர்கள் அதைப் புரட்டிப் புரட்டி இலக்கம் தேடிவிட்டு, "இது ஆரின்ரை கதிரை?" என்று கேட்பார்கள். "சாட்சியின்ரை" என்பேன். சிரித்துவிட்டுப் போவார்கள். நான் பகிடி விடவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

நான் பருத்தித்துறைப் பக்கத்தில் கிராம அலுவலராக இருக்கிறேன். சட்டை மாற்றுவதுபோல அரசாங்கம் இந்தப் பதவியின் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தாலும், ஊருக்கு நான் விதானையம்மாதான். பழைய வாசிகசாலையின் பின் அறைதான் என் அலுவலகம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வதிவிடச் சான்றிதழ், வேலைக்குப் போக நற்சான்றிதழ், அடையாள அட்டை, வாக்காளர் பதிவு, காணிக்குள் நிற்கும் பனையைத் தறிக்க அனுமதி என்று எல்லாவற்றுக்கும் இங்கேதான் வரவேண்டும். வீட்டில் யாராவது கண்ணை மூடினாலும் விசாரித்து அறிக்கை எழுதுவது நான்தான். நான் கொடிகாமத்திலிருந்து பஸ் ஏறி வந்து சேருமுன்னரே வாசலில் நாலு பேர் நிற்பார்கள். ஆனால் தை மாதம் பிறந்தால் அறையின் முகமே வேறு. ஓய்வூதியக்காரர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று நேரில் பார்த்து நான் கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் அரசாங்கத்தைப் பொறுத்தவரை ஆள் இல்லை.

மாஸ்டரும் அவருடைய மனைவி ரீச்சரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர்கள். நான் இங்கே வந்த முதல் தையில் இரண்டு பேரும் ஒரு குடையின் கீழ் வந்தார்கள். அப்போது ஒரு கதிரைதான் இருந்தது. ரீச்சரை இருத்திவிட்டு மாஸ்டர் பக்கத்தில் நின்றார். அவசரமாகப் பேனையை எடுத்தேன். "பொறும் பிள்ளை," என்றார் மாஸ்டர். "இவ உயிரோடை இருக்கிறா எண்டு உமக்கு என்னெண்டு தெரியும்?"

"முன்னாலை இருக்கிறாதானே மாஸ்டர்."

"இந்த மேசையும்தான் முன்னாலை இருக்குது. ஒரு சாட்சி வேண்டாமோ? நான் சொல்லுறன், எழுதும். இவ உயிரோடைதான் இருக்கிறா. நேற்றும் என்ரை வெள்ளைச் சேட்டுக்கு நீலத்தை அள்ளிக் கொட்டினவ."

ரீச்சர் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. "அப்ப இவருக்கு நான் சாட்சி. உயிரோடைதான் இருக்கிறார். முந்தநாள் அவிச்ச புட்டுக்கு உப்புக் காணாது எண்டு பொழுதுபடுமட்டும் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருந்தவர்." வெளியே நின்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். மறுநாள் ஓட்டோவில் அந்த வேப்பமரக் கதிரை வந்து இறங்கியது. சாட்சி நின்றுகொண்டு சொன்னால் எடுபடாதாம்.

அதன்பிறகு தைக்குத் தை இதுதான் வழக்கம். மாஸ்டரின் குற்றச்சாட்டு ஆண்டுக்கொன்றாக மாறும். ரீச்சர் மட்டும் அந்த உப்பை விடவேயில்லை. வீட்டில் கோபதாபத்தோடு இருந்தால்கூட அன்றைக்கு அவர்களைப் பார்த்ததும் எனக்கு மனம் இளகிவிடும். இரண்டு பிள்ளைகளும் கனடாவில். இவர் எழும்பியதை அவரும், அவர் எழும்பியதை இவரும் பார்த்துக்கொள்வதுதான் அந்த வீட்டின் காவல். அது எனக்கு அப்போது விளங்கவில்லை. வயதான ஆட்களின் குறும்பு என்றுதான் நினைத்தேன்.

ஒரு புரட்டாதியில் ரீச்சர் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. பிள்ளைகள் வந்து, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து, திரும்பிப் போனார்கள். தை வந்தது. ஊரிலுள்ள ஓய்வூதியக்காரர் எல்லாரும் வந்தார்கள், மாஸ்டர் வரவில்லை. மாசியிலும் வரவில்லை. ஆள்விட்டுச் சொல்லியும் அசையாததால் நானே போனேன். விறாந்தையில் இருந்தார். வெள்ளைச் சேட்டு நீலமில்லாமல் பழுப்பேறிக் கிடந்தது.

"நான் கண்ணாலை கண்டிட்டன் மாஸ்டர். இதிலையே எழுதித் தாறன்," என்றேன்.

"வேண்டாம் பிள்ளை. நான் இருக்கிறன் எண்டு சொல்லுற ஆள் போயிட்டுது. நீர் சும்மா பொய் எழுதாதையும்."

பகிடி என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். பகிடியில்லை. ஓய்வூதியம் நிற்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்த மனுசன் தன் பெயரை உயிரோடு இருப்பவர்களின் பக்கத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். "சாட்சிதானே வேணும்? நான் சொல்லுறன். நாளைக்கு நீங்கள் வரத்தான் வேணும்," என்று கொஞ்சம் அதட்டலாகவே சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தார். கோணல்கால் கதிரையில் இருந்தார். நான் என் இடத்திலிருந்து தொடங்க, கையை உயர்த்தி மறித்தார். "சாட்சி இஞ்சாலைப் பக்கம்." எழுந்து சுற்றிப் போய் ரீச்சர் இருக்கிற வேப்பமரக் கதிரையில் இருந்தேன். "இவர் உயிரோடைதான் இருக்கிறார்," என்றேன். அதற்குமேல் வரவில்லை. எனக்கு அவரைப்பற்றி என்ன தெரியும்? "ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் போனவர்" என்று இழுத்தேன். "அதை ஊரே கண்டது," என்றார். கடைசியில் அவருக்கே என்மீது இரக்கம் வந்துவிட்டது. "சரி, இந்தமுறை இவ்வளவும் காணும், எழுதும். வாற தைக்கு வடிவாப் பார்த்துவைச்சுச் சொல்லும்." எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாற தை என்று அவர் வாயால் வந்ததே எனக்குப் பெரிய காரியமாக இருந்தது.

அன்றிலிருந்து பஸ்ஸால் இறங்கினால் நேரே அலுவலகம் போகாமல் மாஸ்டர் வீட்டு ஒழுங்கையால் சுற்றித்தான் போவேன். கண்டதையெல்லாம் மனதில் போட்டுவைத்தேன். ரேடியோவில் செய்தி வாசிப்பவரின் தமிழைத் திருத்துவார். தேத்தண்ணி இரண்டு கோப்பையில் ஊற்றிவிட்டு, நினைவு வந்து ஒன்றைத் திரும்பக் கேத்தலுக்குள் விடுவார். நான் வேவு பார்ப்பது அவருக்குத் தெரியும். வாசல் படலையடியில் என் தலை கண்டால் நிமிர்ந்து நிற்பார்.

மாரி பிடித்திருந்த ஒரு காலை, படலையடியில் எனக்காகக் காத்து நின்றார். கையில் கோப்பை, அதில் ஆவி பறக்கும் புட்டு. "நானே அவிச்சனான். உப்பைப் பாரும்." ஒரு பிடி எடுத்து வாயில் போட்டேன். ஆசையாக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆகாகா என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். சாட்சி பொய் சொல்லக்கூடாதே. "உப்புக் காணாது மாஸ்டர்," என்றேன். ரீச்சர் போனபிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். "அதைச் சொல்லும் பிள்ளை. தைக்கு அதைத்தான் சொல்லவேணும்."

இரண்டு நாள் கழித்துக் காலையில், பால் கொண்டுபோன பெடியன் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டான். மாஸ்டர் நித்திரையிலேயே போயிருந்தார். விறாந்தையில் இருந்து மரண அறிக்கையை எழுதினேன். கடைசியாக உயிரோடு கண்டவர் யார் என்று சுற்றி நின்றவர்களை விசாரித்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

இந்தத் தையும் பிறந்துவிட்டது. முதல் நாள், ஆட்கள் வருமுன் அறையைத் திறந்து மேசையைத் துடைத்தேன். பிறகு என் பாட்டில் சுற்றிப் போய் வேப்பமரக் கதிரையில் இருந்தேன். பிடிகள் குளிர்ந்திருந்தன. "உயிரோடைதான் இருக்கிறார்," என்றேன். "முந்தநாள் அவிச்ச புட்டுக்கு உப்புக் காணாது." சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் என் கதிரை வெறுமையாகக் கிடந்தது. கையெழுத்துப் போட ஆளில்லை.